மூன்றெழுத்து லாக்லன்

குனிந்து நம்பர் பிளேட்டைப் படித்த பிறகுதான் நிமிர்ந்து ஆள் முகத்தைப் பார்ப்பார் லாக்லன் மெக்கெக்னி. கண்ணாடியை இறக்கச் சொல்லி விரலைச் சுழற்றுவார். இறக்கியதும் மழையும் அவர் குரலும் சேர்ந்தே உள்ளே நுழையும். "மூணாவது வரிசையில போய் நில்லுங்க. உங்களுக்கு ஆர், எஃப், ஜி. கப்பல் வர நேரம் இருக்கு, நிதானமா யோசிங்க." அவ்வளவுதான். அடுத்த காருக்குப் போய்விடுவார்.

ஸ்காட்லாந்துக் கடலோரத்து இன்வர்டாஷ் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் திருதிருவென விழிப்பார்கள். போன கோடையில் ஒருவர் காரை ஓரங்கட்டி, பயணச்சீட்டு, காப்பீட்டுத் தாள், நாய்க்குத் தடுப்பூசி போட்ட சான்று எல்லாவற்றையும் மடியில் பரப்பி, ஆர்-எஃப்-ஜி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி துறையின் தேநீர்க் கடைக்கு வந்து, கடை நடத்துகிற கிர்ஸ்டீனிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். கணவரைத் தேட விட்டுவிட்டு நேரே லாக்லனிடம் போய், "ரெஃப்ரிஜிரேட்டர்" என்றார். லாக்லன் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார்.

விளையாட்டு இதுதான். நம்பர் பிளேட்டின் கடைசி மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வருகிற ஆங்கிலச் சொல் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். முன்னால், பின்னால், நடுவில் வேறு எழுத்துகள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது. நீளமான சொல் ஜெயிக்கும். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் செல்லாது. இருக்கிற சொல்லின் கடைசியில் ஓர் எஸ் சேர்த்துப் பன்மையாக்கிக் கொண்டுவந்தால் அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'வால் ஒட்டுறது'. ஒட்டியவரிடம் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டால் பிள்ளைகள் வாயை அடைக்க எங்கள் நாட்டில் பல குடும்பங்கள் ஆடுகிற ஆட்டம்தான் இது. லாக்லனுக்கு அது பொழுதுபோக்கு இல்லை, மூச்சு. கார்களை வரிசைப்படுத்திக் கப்பலில் ஏற்றுவது அவர் வேலை. ஆனால் அதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதே அவருக்கு அவ்வப்போதுதான் நினைவுக்கு வரும் என்று நினைக்கிறேன்.

ஆள் நெட்டை. முழங்கால் வரை மஞ்சள் மழைக்கோட்டு. குளிரில் சிவந்த காதுகள் தொப்பிக்கு வெளியே எட்டிப் பார்க்கும். யோசிக்கும்போது வலது கையின் ஆட்காட்டி விரலால் காற்றில் எழுதுவார். அதில்தான் வம்பு. கார் ஏற்றுகிறவர் கையை அசைத்தால் அது சைகை அல்லவா? ஒருமுறை அவர் காற்றில் நீளமாக ஒரு சொல்லை எழுத, வெளியூர்ப் பெண்மணி ஒருவர் அதை வழிகாட்டுதலாக எடுத்துக்கொண்டு இடது, வலது, மறுபடி இடது என்று வளைத்து ஓட்டி, நண்டுக் கூடைகளின் நடுவே போய் நின்றார். லாக்லன் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார். கேட்ட கையோடு அவருடைய நம்பர் பிளேட்டையும் படித்துவிட்டு வந்தார்.

வெளிநாட்டு வண்டிகள் என்றால் அவருக்கு இளக்காரம். நெதர்லாந்துக்காரர்கள் வீடு போன்ற வண்டியில் வந்து இரண்டு காரின் இடத்தை அடைத்துக்கொள்வார்கள், எழுத்துகளும் ஒழுங்காக இராது. அவர்களிடம் வெறுமனே, "நாலாவது வரிசை" என்பார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

நான் ரொட்டி வண்டிக்காரன். வாரத்தில் சில நாள் இன்வர்டாஷிலிருந்து கப்பலேறி ஸ்கார்வே தீவுக்கு ரொட்டியும் பன்னும் கொண்டுபோகிறேன். என்னை எல்லோரும் 'ரொட்டி' என்றே கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயர் என் வீட்டில்கூட வழக்கொழிந்துவிட்டது. என் வண்டியின் மூன்றெழுத்தை லாக்லன் எப்போதோ உறிஞ்சி எடுத்துவிட்டார். ஆகவே எனக்கு விளையாட்டில் இடமில்லை. தூது போகிற வேலைதான்.

தூது யாருக்கு என்றால், அக்கரையில் ஸ்கார்வே துறையில் அதே மஞ்சள் கோட்டுடன் கார்களை இறக்குகிற இஷ்பெல் ரேங்கினுக்கு. குள்ளமான உருவம், சிவப்புக் கம்பளித் தொப்பி, துறை முழுக்கக் கேட்கிற குரல். இங்கே ஒரு புது வண்டிக்கு லாக்லன் தன் சொல்லையோ காரில் வந்தவர் சொன்னதையோ முடிவாக்கினால், காரோட்டி அதை அக்கரை கொண்டுபோய் இஷ்பெல்லிடம் சொல்ல வேண்டும். இஷ்பெல் அதைவிட நீளமாக ஒன்று கொடுப்பார். ஊர் திரும்பும்போது அதை லாக்லனிடம் ஒப்படைக்க வேண்டும். சொன்னேனே, அந்த ரெஃப்ரிஜிரேட்டர் அம்மாள், அவர் திரும்பி வரும்போது கொண்டுவந்த பதில் 'ரெஃப்ரிஜிரேஷன்'. ஒரே ஓர் எழுத்து கூட. லாக்லன் அவர்கள் காரின் கூரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அது கோபமில்லை, கொண்டாட்டம்.

இரண்டு துறைகளுக்கும் நடுவே தொலைபேசி இருக்கிறது, கம்பியில்லாக் கருவி இருக்கிறது. அதிலெல்லாம் காற்றின் வேகம், அலையின் உயரம், எத்தனை ஆட்டு வண்டி என்பது மட்டும்தான் பேசுவார்கள். சொல் என்றால் காரில்தான் போக வேண்டும். யார் வைத்த விதி என்று கேட்டால் இருவரும் மற்றவரைக் காட்டுவார்கள்.

வருடக் கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். தோற்றவர் ஒரு விஸ்கி புட்டியை என் வண்டியில் கொடுத்தனுப்ப வேண்டும். ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே அதைத் துணியில் சுற்றி, உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் நான் கெட்டிக்காரன்.

"அவ்வளவு ஆசையா ஆடறாரே, ஒரு தடவை அக்கரைக்குப் போய் எதிர்ல உட்கார்ந்து ஆடலாமே?" என்று கேட்காதவர்கள் இல்லை. அங்கேதான் வேடிக்கை. எங்கள் லாக்லனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. இளவயதில் ஒரே ஒருமுறை கப்பலேறினாராம். கப்பல் துறையைவிட்டு நகர்வதற்குள்ளேயே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாதிரியாரின் காலணியை நாசம் செய்துவிட்டாராம். அதற்குப் பிறகு ஏறவேயில்லை. இந்த வட்டாரத்தின் கார்களையெல்லாம் கப்பலில் ஏற்றிவிட்ட மனிதர், கார்கள் கப்பலுக்குள் ஏறுகிற சாய்தளத்தின் முனையில் கால் வைத்தாலே கம்பியைப் பிடித்துக்கொள்வார். நல்ல வெயில் நாளில், கடல் தட்டில் ஊற்றிய பால் போல அசையாமல் கிடக்கும்போதுகூட அப்படித்தான்.

அவர்கள் பார்த்துக்கொண்டதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இஷ்பெல் பல் மருத்துவரைப் பார்க்க வருடத்தில் சில முறை இக்கரைக்கு வருவார், தம்பியின் காரில். லாக்லன் அந்தக் காரின் நம்பர் பிளேட்டையே வெறித்துப் பார்ப்பார். அதில் புதிதாகப் படிக்க ஒன்றும் இல்லை. அப்புறம் பிளேட்டைப் பார்த்தபடியே ஒரு சொல் சொல்வார். இஷ்பெல் உடனே ஒன்று சொல்வார். பின்னால் வரிசை நகரும், கார் போய்விடும். சாயங்காலம் திரும்பும்போது பல் பிடுங்கிய வாயில் பஞ்சு இருக்கும், அப்போது பேச்சுக்கே வழியில்லை. இத்தனை வருடத்தில் இருவரும் நேரில் பேசியதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

ஒருநாள் நான் தேநீர்க் கடையில் பன் இறக்கிக்கொண்டிருந்தபோது லாக்லன் வந்து நின்றார். மழையைப் பற்றிப் பேசினார். என் வண்டிச் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு, "ரொட்டி, அவங்க வீட்டுச் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?" என்று கேட்டார்.

"நம்ம பக்கம்தான். இந்தத் துறை விளக்கு அங்கேர்ந்து நல்லாத் தெரியும்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு இரண்டாவது வரிசையை எண்ணுவதில் தவறி, கால்நடை ஆய்வாளரின் காரை ஏற்றாமலே கப்பலை அனுப்பிவிட்டார். எனக்கு அப்போதே புரிந்துபோயிற்று. புட்டியாவது, புள்ளியாவது. மனிதருக்கு அக்கரைக்குப் போக வேண்டும். வருடக்கணக்காகப் போக வேண்டும். வயிறு விடவில்லை. அந்த அவமானத்தை மறைக்கத்தான் இத்தனை நீளமான சொற்கள்.

இந்த இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தது சண்டை. கிளாஸ்கோவிலிருந்து ஆட்டு மருத்துவர் ஒருவர் புத்தம்புதுக் காரில் வந்தார். எச், எம், வி. பொல்லாத எழுத்துகள். லாக்லன் துறையிலிருக்கும் தன் கொட்டகைக்கும் வரிசைக்கும் நடுவே நடந்து நடந்து காற்றைக் கிழித்து எழுதினார். ஏற்றுகிற நேரத்தில் முகம் மலர்ந்தது. மருத்துவரின் காதில், "தெம்செல்வ்ஸ்" என்றார். எளிய சொல்தான், ஆனால் அது கண்ணுக்கெதிரே ஒளிந்திருந்தது. அன்று அவர் நடையே வேறு. கிர்ஸ்டீன் தேநீரில் சர்க்கரை போட மறந்ததைக்கூடக் கவனிக்காமல் குடித்தார்.

மருத்துவர் திரும்பி வரும்போது கொண்டுவந்தது: 'கிளிஷ்மக்ளேவர்'.

வெட்டிப் பேச்சு, ஊர்வம்பு என்று அர்த்தம். எங்கள் பக்கத்துக் கிழடுகட்டைகள் எல்லாம் சொல்கிற வார்த்தை. மூன்று எழுத்து கூடுதல். லாக்லன் வெடித்தார். அது ஸ்காட்லாந்துப் பேச்சு, ஆங்கிலமே இல்லை, செல்லாது என்றார். கொட்டகைக்குள் போய், எங்கள் கடையின் ரொட்டி உறையில் மழைக்குப் பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கும் தன் அகராதியை எடுத்துவந்து, தேநீர்க் கடைப் பலகையில் விரித்து, வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அந்தச் சொல் அதில் இல்லாததைக் காட்டினார். இல்லாத ஒன்றை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

அந்த ஆட்சேபணையை நான்தான் கொண்டுபோனேன். இஷ்பெல் என் வண்டியை நகரச் சொல்லிக் கையசைத்துக்கொண்டே கேட்டார். தன்னிடமிருப்பது பெரிய அகராதி, அதில் இருக்கிறது, லாக்லனுடையது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற சைஸ் என்றார். இதை இக்கரை கொண்டுவந்தேன். அப்படியானால் அந்தப் பெரிய அகராதியைக் கொடுத்தனுப்பச் சொல் என்றார் லாக்லன். இதை அக்கரை கொண்டுபோனேன். என் ரொட்டிகள் ஆறிப்போனதுதான் மிச்சம்.

பேசாமல் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் போகிறேனே என்று இஷ்பெல்லிடம் சொல்லிப் பார்த்தேன். நேற்றைய ரொட்டியை இன்றைய விலைக்கு நீட்டியவனைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார்.

"அகராதி என் சமையலறை மேசையில இருக்கு. அது வீட்டை விட்டு வெளிய வராது. பார்க்கணும்னா அவரே வந்து பார்க்கட்டும்" என்றார். நான் கண்ணாடியை ஏற்றப் போனேன். விரலை வைத்து நிறுத்தினார். "சூப் வச்சுத் தர்றேன்னும் சொல்லு. அதை மறந்து தொலைச்சிடாத."

மறக்கவில்லை. அப்படியே சொன்னேன். லாக்லன் வரிசையை எண்ணப் போய்விட்டார். அதற்கடுத்த நாட்களில் வந்த கார்களுக்கெல்லாம் சின்னச் சின்னச் சொற்களாகக் கொடுத்தார். அக்கரைக்குப் போன சொற்கள் அத்தனையும் தோற்றுத் தோற்றுத் திரும்பின. மனிதர் வேண்டுமென்றே தோற்கிறாரோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் எழுத்துகளைப் பார்க்கவேயில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் வரிசையெங்கும் பரவிவிட்டது. ஆளாளுக்கு வைத்தியம். இஞ்சி பிஸ்கோத்து சாப்பிடுங்கள் என்றார்கள். வெறும் வயிற்றோடு ஏறுங்கள் என்றார்கள். வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறுங்கள் என்றார்கள். தொடுவானத்தையே பாருங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள், மணிக்கட்டில் பட்டை கட்டுங்கள். ஆட்டு மருத்துவர் ஊசியே போடுவதாகச் சொன்னார், அது ஆடுகளுக்கு உண்டான ஊசி. எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு லாக்லன் இருந்த இடத்திலேயே இருந்தார்.

கடைசியில் கிர்ஸ்டீன் தேநீர்க் கடையிலிருந்து இறங்கிவந்தாள். அவளுக்கும் கார் ஏற்றுகிற உரிமம் உண்டு. லாக்லனுக்குச் சளி பிடித்தால் அவள்தான் அந்த வேலையைப் பார்ப்பாள்.

"அந்தக் கோட்டைக் கழட்டி எங்கிட்ட கொடுங்க" என்றாள். "வாந்தி வந்தா எடுத்துட்டுப் போங்க. அதனால யாரும் செத்ததில்ல. அவங்க சூப் வைக்கிறேன்னு சொல்லி எத்தனை நாளாச்சு? அடுத்த தடவை கேட்பாங்கன்னு என்ன நிச்சயம்?"

லாக்லன் கோட்டைக் கழற்றவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வானிலை அறிக்கையை இரண்டு முறை கேட்டார்.

சனிக்கிழமை காலை கழுத்தில் டை கட்டிக்கொண்டு, தன் நீலநிறச் சின்னக் காரில் வந்து வரிசையில் நின்றார். கிர்ஸ்டீனுக்கு அந்த மஞ்சள் கோட்டு கணுக்கால் வரை வந்தது. அவள் வேண்டுமென்றே குனிந்து அவருடைய நம்பர் பிளேட்டைப் படித்துவிட்டு, கண்ணாடியை இறக்கச் சொல்லி விரலைச் சுழற்றினாள். "பேசாம கையைக் காட்டு" என்றார் லாக்லன். சீக்கிரம் இறங்கட்டும் என்று அவரை எல்லோருக்கும் முன்னால் ஏற்றினாள். அவருக்குப் பின்னால் நான்.

எங்களுடையது சின்னக் கப்பல், காரிலேயே உட்கார்ந்திருக்கலாம். சாய்தளம் தூக்கப்பட்டதும் நான் இறங்கிப் போய், ஒரு கட்டு ரொட்டி உறைகளோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், கப்பலையே அவர்தான் ஓட்டுவது போல. கரையின் முனையைத் தாண்டியதும் கடல் எங்களைத் தூக்கிப் பார்த்தது.

"ஏதாவது எழுத்து சொல்லு ரொட்டி. சீக்கிரம்."

பக்கத்துக் காரின் பிளேட்டைப் பார்த்து, "என், சி, வி" என்றேன்.

"இன்கன்வீ..." என்று ஆரம்பித்தவர் உறைக்குக் கை நீட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நிமிர்ந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "...னியன்ஸ்" என்று முடித்தார். சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்தது, அதனால் இன்னோர் உறை தேவைப்பட்டது.

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவங்களா இருந்தா அன்கம்யூனிகேட்டிவ்னு சொல்லியிருப்பாங்க. என்னைவிட ரெண்டு எழுத்து கூட."

தனியாகப் படுத்திருக்கும்போதெல்லாம் இப்படித்தான் இருவருக்குமாகச் சேர்த்து ஆடுவார் போலிருக்கிறது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். பாதி வந்துவிட்டோம் என்றேன். அது பொய், ஆனால் நல்ல மனதோடு சொன்ன பொய். பாதிரியாரைப் பற்றிக் கேட்டேன், அவர் யாரென்றே சொல்ல மறுத்துவிட்டார். என்னிடமிருந்த உறைகள் தீர்ந்துபோய், கடைசியில் வண்டிக்குப் போய்ப் பன் அடைத்திருந்த உறையைக் காலி செய்து கொண்டுவந்தேன். அந்தப் பன்களுக்கு என்ன ஆயிற்று என்று என் முதலாளி இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

ஸ்கார்வே துறை வந்தது. நான் என் வண்டிக்குத் திரும்பினேன். சாய்தளம் இறங்கியது. அதன் மறுமுனையில் சிவப்புத் தொப்பி. இஷ்பெல்லுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கிர்ஸ்டீன் சொல்லக்கூடாதென்று கப்பல்காரர்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

முதலில் இறங்கியது நீலக் கார். சாய்தளத்தின் நடுவரை போய்த் தயங்கி நின்றது. இஷ்பெல் பழக்கப்படியே குனிந்து பிளேட்டைப் படித்தார். உதடு அசைந்தது. சொல் கிடைத்துவிட்டது போலும். நிமிர்ந்து, கண்ணாடியை இறக்கச் சொல்லி விரலைத் தூக்கினார். தூக்கிய விரல் அப்படியே நின்றது.

கண்ணாடி இறங்கியது. டை கோணிப்போய், முகம் பட்டாணி நிறமாகி, உள்ளே லாக்லன். அந்த இடத்தில் காரோட்டிகள் சொல் ஒன்று சொல்வதுதான் வழக்கம். அவரால் முடியவில்லை. வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தவர் போல இறுக மூடிக்கொண்டு, இஷ்பெல்லைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பிளேட்டைப் பார்க்காமல் லாக்லன் அவர் முகத்தையே பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பின்னால் நாங்கள் எல்லோரும் நிற்கிறோம். என் வண்டி, தபால் வண்டி, இரண்டு ஆட்டு வண்டிகள், எரிவாயு லாரி. கப்பல் உடனே திரும்பிப் போக வேண்டிய நேரம். மேலே கேப்டன் தலையை நீட்டிப் பார்த்தார்.

இஷ்பெல் எங்களைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார். நில் என்று அர்த்தம். இன்னொரு கையால் கார்க் கதவைத் திறந்தார். லாக்லன் ஒரு காலை வெளியே வைத்தார், அப்புறம் அடுத்த காலை. இஷ்பெல் தோளைக் கொடுத்தார். நெட்டை மனிதர் அந்தக் குள்ளத் தோளில் சாய்ந்துகொண்டு, சாய்தளத்தைத் தாண்டி, அசையாத கல் தரைக்கு நடந்தார். ஹாரன் யாரும் அடிக்கவில்லை. தபால்காரர் முதலில் எஞ்சினை அணைத்தார், பிறகு நான், பிறகு ஒவ்வொருவராக. ஆடுகளின் சத்தம் மட்டும் கேட்டது.

துறையின் ஓரமாக மெள்ள மெள்ள அவரை நடத்திக்கொண்டு போனார் இஷ்பெல். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களை நிறுத்திய அந்தக் கையை மட்டும், தலைக்கு மேலே உயர்த்தியபடியே வைத்திருந்தார்.